எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள், பிறகு பார்த்தால் எலும்பு உடைந்திருக்கிறது: இது மருத்துவக் கவனயீனமா?

மோட்டார் சைக்கிளில் சறுக்கி விழுந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், எக்ஸ்றே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று பனடோல் கொடுத்து அனுப்பினார்கள், இரண்டு கிழமை கழித்து வேறு டொக்டரிடம் காட்டினால் எலும்பு உடைந்திருக்கிறதாம். யாழ்ப்பாணத்தில் இந்தக் கதையைக் கேட்காத வீடு குறைவு. கதை முடிந்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அப்ப இது டொக்டரின்ர பிழைதானே, வழக்குப் போடேலாதோ?"

போடலாம், ஆனால் காயம் தவறியது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வெல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் முதல் நாளில் பிடிபடாத காயங்கள் இருக்கின்றன. தொட்டு அழுத்திப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் காயத்தைத் தொடாமலே வீட்டுக்கு அனுப்பிய கதைகளும் இருக்கின்றன. வெளியில் நிற்கும் எங்களுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். இவற்றைப் பிரித்தறிய நீதிமன்றம் மூன்று விடயங்களைப் பார்க்கும். அந்த நிலைமையில், அந்த வசதிகளோடு, நிதானமான ஒரு மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர்கள் செய்தார்களா? செய்யவில்லை என்றால், இந்தக் கேடு அதனால்தான் வந்ததா, அல்லது எப்படியும் வந்திருக்குமா? அப்புறம், அந்தக் கேட்டால் உண்மையில் என்ன நட்டம்? எங்கள் சனம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. வழக்குகள் இடறி விழும் இடம் இரண்டாவது கேள்வி.

காயம் ஏன் தவறுகிறது

அவசர சிகிச்சைப் பிரிவு இருப்பது எல்லாக் காயங்களையும் கண்டுபிடிப்பதற்காக இல்லை. எது முதலில் ஆளைக் கொல்லுமோ அதை முதலில் பிடிப்பதற்காக. இப்போது உலகம் முழுக்க டொக்டர்மார் படிக்கும் அந்த ஒழுங்குமுறைக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1976 பெப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு முறிவு நிபுணர் குடும்பத்தோடு ஓட்டிவந்த சிறிய விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்துபோனார், பிள்ளைகளுக்கும் அவருக்கும் கடும் காயம். பக்கத்திலிருந்த சிறிய ஆஸ்பத்திரியில் தன் பிள்ளைகளைக் கவனித்த விதம் சரியில்லை என்று கண்டு, இதற்கு ஒரு முறை வேண்டும் என்று அவரும் கூட்டாளிகளும் தொடங்கிய பயிற்சியின் முதல் வகுப்பு 1978 இல் நடந்தது. பெரிய விபத்தில் வருபவரைப் பார்க்க இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் ஒழுங்கு அதிலிருந்து வந்ததுதான்.

அதன்படி முதல் பார்வையில் சுவாசப் பாதை (கழுத்தை அசைக்காமல்), மூச்சு, இரத்த ஓட்டம், மூளையின் நிலை, பிறகு உடுப்பைக் களைந்து முழு உடம்பு, இந்த வரிசைதான். ஆள் கொஞ்சம் நிலைக்கு வந்த பின் தலையிலிருந்து கால்வரை இரண்டாவது பார்வை. பலரும் கேள்விப்படாத மூன்றாவது பார்வையும் இருக்கிறது: வார்ட்டுக்குப் போய், மயக்கமோ குடிவெறியோ தெளிந்த பிறகு, ஏறக்குறைய 24 மணித்தியாலத்துக்குள், முதலில் தப்பிய காயங்களைத் தேடுவதற்கென்றே மறுபடி உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்ப்பது. நெஞ்சுக்குள் இரத்தம் கட்டி மூச்சு நின்றுபோகும் நிலையில் வந்தவருடைய சுண்டுவிரல் முறிவை அந்த முதல் மணித்தியாலத்தில் பார்க்கவில்லை என்று எந்த நீதிபதியும் குறை பிடிக்கப்போவதில்லை. அதே ஆள் வார்ட்டில் எட்டு நாள் கிடந்தும் அந்தக் கையை ஒருவரும் பார்க்கவில்லை என்றால் அது வேறு கதை.

இன்னொரு சிக்கல், ஒரு பெரிய வலி மற்ற வலிகளை மறைத்துவிடும். தொடை எலும்பு உடைந்தவர் கழுத்து நோகிறது என்று சொல்லமாட்டார், அவருக்கே அது தெரியாது. இது மருத்துவ உலகத்துக்கு நன்றாகவே தெரிந்த விடயம் என்பதால், "அவர் சொல்லேல்லையே" என்ற பதில் எப்போதும் எடுபடாது.

அடிக்கடி தப்பும் சில காயங்கள்

மணிக்கட்டில் தொடங்கலாம். விழும்போது எல்லோரும் கையை ஊன்றுவோம். பெருவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு சிறு குழி தெரியும், அந்தக் குழிக்குள் இருக்கும் சின்ன எலும்பு முறிந்தால் முதல் நாள் எக்ஸ்றேயில் தெரியாமலே போகலாம். தெரியாதது பிழையில்லை. ஆனால் குழியை அழுத்தினால் நோகிறதா என்று பார்ப்பதும், நோகிறது என்றால் எக்ஸ்றே சுத்தமாக இருந்தாலும் கையை அசையாமல் கட்டிவிட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி வந்து எக்ஸ்றே எடுக்கச் சொல்வதும் எந்த மருத்துவ மாணவருக்கும் தெரிந்த பாடம். இந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கி வருகிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் பின்துண்டு இரத்தமில்லாமல் செத்துப்போகலாம், பிறகு மணிக்கட்டு காலம் முழுக்க நோகும். ஆக, இப்படியொரு வழக்கில் எக்ஸ்றே படத்தை விட "பத்து நாளில் வா" என்று துண்டில் எழுதியிருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

பனையில் இருந்து விழுபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்துக்கே உரிய விபத்து இது. சீவல் தொழில் செய்பவர் உயரத்திலிருந்து நேராகக் காலில் விழுந்தால் குதிக்கால் எலும்பு நொறுங்கும், வீங்கும், எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும். ஆனால் அந்த அடி குதிக்காலோடு நிற்பதில்லை, முள்ளந்தண்டுவரை ஏறுகிறது. குதிக்கால் எலும்பு முறிந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும் என்று பாடநூல்களே சொல்கின்றன. அதனால் உயரத்திலிருந்து விழுந்தவரின் முதுகைத் தடவிப் பார்க்காமல், தேவையென்றால் படம் எடுக்காமல், காலுக்கு மட்டும் பிளாஸ்டர் போட்டு எழுப்பி நடக்கவிடுவது கவனயீனத்துக்கு மிக அருகில் வருகிற காரியம்.

சைக்கிள் ஹாண்டில் வயிற்றில் குத்திய பிள்ளை. வயிற்றில் ஒரு சிறு வட்டத் தழும்பு, பிள்ளை அழுது முடித்துவிட்டு ஓடி விளையாடும். உள்ளே கணையமோ முன்சிறுகுடலோ நசுங்கியிருந்தால் பல மணித்தியாலம், சிலவேளை ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வாந்தியும் வயிற்று நோவும் தொடங்கும். இங்கே "ஹாண்டில் குத்தினது" என்று தாய் சொன்னதும், அதை டொக்டர் எழுதிவைத்தாரா என்பதும் முக்கியம்.

தலைக்காயத்தோடு வந்தவர் குடித்திருந்தால் நிலைமை மோசம். "வெறி, படுக்க விடுங்கோ, விடியத் தெளியும்" என்பது யாழ்ப்பாணத்தில் மட்டும் சொல்லப்படுவதில்லை, எல்லா ஊரிலும் ஆளைக் கொன்ற வசனம் அது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையில் இரத்தம் கட்டும் ஒரு வகைக் காயத்தில் ஆள் முதலில் மயங்கி, பிறகு தெளிந்து நன்றாகப் பேசி, சில மணித்தியாலத்தில் மறுபடி சரிந்துவிடுவார். இடையில் வரும் அந்தத் தெளிவான நேரத்தில்தான் வீட்டுக்கு அனுப்பும் பிழை நடக்கிறது. யாருக்கு சி.ரி. ஸ்கான் தேவை என்பதற்குப் பல நாடுகளில் பாவிக்கப்படும் விதிகள் இருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்ற கனேடிய விதி, அடிபட்டு இரண்டு மணித்தியாலம் ஆகியும் முழு நினைவு திரும்பாதது, இரண்டு தடவையோ அதற்கு மேலோ வாந்தி, 65 வயதோ அதற்கு மேலோ, மண்டையோட்டு முறிவின் அடையாளங்கள் ஆகியவற்றைப் பெரிய ஆபத்துக் குறிகளாகச் சொல்கிறது. குடித்தவருடைய மந்த நிலைக்குக் காரணம் சாராயமா மூளையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த நிபுணராலும் முடியாது. அதனால் குடித்திருப்பது கூடுதலாகக் கவனிக்கக் காரணமே தவிர குறைவாகக் கவனிக்கக் காரணமில்லை.

எனக்குக் கோபம் வருவது அடுத்த காயத்தில். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து பிளாஸ்டர் போட்ட பின், இரவில் நோவு ஏறிக்கொண்டே போகிறது, மருந்து கொடுத்தும் நிற்கவில்லை, கால்விரலை மெல்ல நீட்டினாலே கத்துகிறார். "எலும்பு உடைஞ்சால் நோகும்தானே, பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உள்ளே தசைகள் வீங்கி, தசையைச் சுற்றியிருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் தாண்டினால் தசை மீளாது, சிலருக்குக் காலே போகும். நாடி துடிக்கிறது என்பதை வைத்து ஆறுதல் அடையவும் முடியாது, நாடி கடைசியில்தான் நிற்கும். பிளாஸ்டர் கட்டு முழுவதையும் வெட்டித் திறப்பது சில நிமிட வேலை, தேவைப்பட்டால் அதன் பிறகு சத்திரசிகிச்சை. நோவு எத்தனை மணிக்கு ஏறியது, யாரிடம் சொன்னீர்கள், யார் வந்து பார்த்தார்கள் என்பதை மணி போட்டு எழுதி வைத்திருந்தால் அது பின்னால் பெறுமதியான சாட்சி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடி வெட்டிய கையில் தோலை மட்டும் தைத்துவிட்டு, விரலை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்க்காததால் அறுந்த நரம்போ தசைநாணோ தப்பிவிடும். கண்ணாடித் துண்டு எக்ஸ்றேயில் பெரும்பாலும் தெரியும், பனங்கருக்கும் மரச் சிராயும் தெரியாது, அவற்றுக்கு அல்ட்ரா சவுண்ட் வேண்டும். கிணற்றடியில் வழுக்கிய அம்மம்மாவின் இடுப்பெலும்பு விலகாமல் வெடித்திருந்தால் எக்ஸ்றே சுத்தமாகவே வரலாம். காலூன்ற முடியவில்லை என்றால் சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. வரை போகத்தான் வேண்டும், "வயசு போட்டுது, அப்பிடித்தான்" என்று அனுப்பக்கூடாது.

நிதானமான மருத்துவர் என்று யாரைச் சொல்வது

இலங்கையில் இப்படியான நட்டஈட்டு வழக்கு உரோமன்-டச்சுச் சட்டத்தின் தீங்கியல் பகுதிக்குள் (ஒருவர் பிழையால் மற்றவருக்கு வந்த கேட்டுக்கு நட்டஈடு கேட்கும் பகுதி) வருகிறது. ஆங்கிலத் தீர்ப்புகள் எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் சட்டத்தரணிகள் அவற்றை எடுத்துக்காட்டுவார்கள், நீதிபதிகளும் பார்ப்பார்கள். அவற்றில் அடிப்படை 1957 இன் போலம் வழக்கு. அதே துறையிலுள்ள பொறுப்பான மருத்துவர்களில் ஒரு சாரார் சரி என்று ஏற்கும் விதத்தில் நடந்திருந்தால் அது கவனயீனம் ஆகாது, வேறு மருத்துவர்கள் வேறு விதமாகச் செய்திருப்பார்கள் என்பது போதாது. 1997 இல் பொலிதோ வழக்கு இதற்கு ஒரு கடிவாளம் போட்டது: அந்த மருத்துவர்களின் கருத்து நியாயமான தர்க்கத்துக்கு நிற்கிறதா என்று நீதிமன்றமும் பார்க்கும்.

புதிதாக வந்த டொக்டர், அனுபவமில்லை என்று சொன்னால்? 1986 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் வில்ஷர் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. தரம் ஆளுக்கு ஏற்ப மாறாது, அவர் நிற்கும் பதவிக்கு உரிய தரம்தான். ஆனால் தனக்குத் தெரியாததை மூத்தவரிடம் கேட்ட இளையவர் தன் கடமையைச் செய்தவராகக் கருதப்படலாம். இரவு இரண்டு மணிக்கு தனியே நிற்கும் இளம் டொக்டருக்கு இது பயத்தையும் தரும், வழியையும் காட்டும்: சந்தேகம் இருந்தால் தொலைபேசியை எடு, எடுத்ததை எழுது.

வசதியும் கணக்கில் வரும். நெடுந்தீவில் விழுந்து அடிபட்டவருக்கு அங்கே சி.ரி. ஸ்கான் எடுக்கவில்லை என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சி.ரி. தேவைப்படும் அறிகுறி இருந்தும் படகில் ஏற்றிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கும் அனுப்பாமல் வைத்திருந்தால் அதைக் கேட்கலாம். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலிருந்து மாற்றப்படும்போதும் இதே கதைதான். கடிதத்தில் "கால் முறிவு" என்று மட்டும் எழுதியிருந்தால் மற்ற ஆஸ்பத்திரியும் காலைத்தான் பார்க்கும். வழியில் தொலைந்த தகவலுக்கு யார் பொறுப்பு என்பது பிறகு பெரிய வாக்குவாதம் ஆகும். ஆள் பற்றாக்குறை பெரிய பிரச்சினை, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள். நியாயமான மனிதர் அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் நோகும் இடத்தை அழுத்திப் பார்க்க ஆளணியும் இயந்திரமும் தேவையில்லை.

டொக்டர் மட்டும்தான் பொறுப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2010 இல் தலையில் அடிபட்ட ஓர் இளைஞர் இலண்டனில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். நான்கைந்து மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்று வரவேற்பு மேசையில் சொன்னார்கள். உண்மையில் அரை மணித்தியாலத்துக்குள் ஒரு தாதி அவரைப் பார்த்திருப்பார். அவர் 19 நிமிடத்தில் எழுந்து வீட்டுக்குப் போனார், மூளைக்கு வெளியே இரத்தம் கட்டி ஒரு பக்கம் செயலிழந்தது. 2018 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் டார்ன்லி வழக்கில் ஆஸ்பத்திரிதான் பொறுப்பு என்று தீர்த்தது. அங்கே தவறியது மேசையில் சொன்ன ஒரு வசனம், டொக்டர் அதுவரை காட்சியிலேயே இல்லை.

"இல்லாவிட்டாலும் நடந்திருக்கும்" என்ற சுவர்

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. 1966 புதுவருடத்தன்று காலை இலண்டனில் மூன்று இரவுக் காவலாளிகள் தேநீர் குடித்த பின் வாந்தி எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். கடமையில் இருந்த டொக்டருக்கே உடம்பு சரியில்லை. வந்து பார்க்காமல், வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த டொக்டரைக் கூப்பிடுங்கள் என்று தாதி மூலம் சொல்லியனுப்பினார். ஒருவர் அன்றே இறந்தார், தேநீரில் ஆர்செனிக் நஞ்சு. நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? பார்க்காமல் அனுப்பியது கவனயீனம்தான், ஆனால் பார்த்து அனுமதித்திருந்தாலும் மாற்று மருந்து நேரத்துக்குக் கிடைத்து அவரைக் காப்பாற்றியிருக்காது. ஆகவே மனைவிக்கு ஒன்றுமில்லை.

இங்கிலாந்தின் ஹொட்சன் வழக்கு எங்கள் விடயத்துக்கு இன்னும் நெருக்கம். 1977 இல் 13 வயதுப் பையன் மரத்தில் கட்டிய கயிற்றிலிருந்து விழுந்து இடுப்பு மூட்டில் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி கண்டுபிடிக்கவில்லை, ஐந்து நாள் வலியோடு வீட்டில் கிடந்தான், பிறகுதான் தெரிந்தது. எலும்பின் தலைப்பகுதி இரத்தமில்லாமல் செத்து நிரந்தர ஊனம். முதல் நாளே கண்டுபிடித்திருந்தாலும் 75 வீதம் இப்படித்தான் ஆகியிருக்கும், 25 வீதம் தப்ப வாய்ப்பிருந்தது என்று விசாரணை நீதிபதி கண்டார், முழு நட்டத்தின் கால்பங்கைக் கொடுத்தார். 1987 இல் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே அதுதான் அதியுயர் நீதிமன்றம்) அதை எடுத்துவிட்டது. பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தது என்று காட்டினால்தான் பணம், 25 வீத வாய்ப்புப் போனதற்கு ஒரு சதமும் இல்லை. அந்த ஐந்து நாள் வலிக்கு 150 பவுண் மட்டும் மிஞ்சியது. கொடுமையான தர்க்கம் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் வழக்கறிஞர்கள் இதை மனதில் வைத்துத்தான் உங்கள் கோப்பைத் திறப்பார்கள்.

இலங்கையில் எல்லோரும் காட்டும் வழக்கு பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராக ரியன்சி அர்சகுலரத்ன போட்டது. விபத்துக் காயமில்லை, ஒரு சிறுமியின் மூளைத்தண்டுக் கட்டி நேரத்துக்குக் கண்டறியப்படாத விவகாரம். சிறுமி 1992 இல் இறந்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது, மேன்முறையீட்டில் அது பெரிதாகக் குறைந்தது, 2001 இல் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளியது. அந்தக் கட்டி எப்படியும் உயிரைப் பறிக்கும் வகை. தவறிய நோயறிதல்தான் மரணத்தைக் கொண்டுவந்தது அல்லது விரைவாக்கியது என்று நிறுவப்படவில்லை. அந்தக் காலத்தில் பிள்ளையை இழந்த துக்கத்துக்கு என்று தனியே பணம் கேட்கவும் எங்கள் சட்டத்தில் இடமிருக்கவில்லை, மரணத்தால் குடும்பத்துக்கு வரும் மனத்துயருக்கும் பிரிவுக்கும் நட்டஈடு கேட்க வழி வந்தது 2019 இன் ஒரு சட்டத்தால்தான்.

இதிலிருந்து தெரிவது, தவறிய காயத்துக்கான வழக்கு நிபுணர் சாட்சியத்தில் நிற்கிறது. என்ன செய்திருக்க வேண்டும் என்று ஒருவர், செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னொருவர். யாழ்ப்பாணம் போன்ற சிறிய இடத்தில் ஒரே பீடத்தில் படித்து ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர் மற்றவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முன்வருவது லேசில்லை. வெளியூர் நிபுணரைத் தேடும் செலவையும் காலத்தையும் முதலே கணக்குப் பாருங்கள்.

எங்கே போவது, எதைக் கையில் வைத்திருப்பது

கையில் இருக்க வேண்டியவை: முதல் நாள் தந்த துண்டு, எக்ஸ்றே படம் அல்லது சீ.டி., டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டுகள், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் அந்த அழைப்பின் நேரம் (வடக்கில் அந்தச் சேவை 2018 யூலையில் தொடங்கியது). ஆனால் உண்மையான கதை பெட் ஹெட் ரிக்கற்றில் (வார்ட்டில் நோயாளியைப் பற்றி எழுதிவைக்கும் பதிவு) இருக்கிறது, அது ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அரச ஆஸ்பத்திரியில் அதன் பிரதியைக் கேட்கலாம். மருத்துவப் பதிவு என்பதால் நோயாளியின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், முடிவு சொல்ல 14 வேலை நாள். வீதி விபத்து என்றால் பொலிசும் சட்ட வைத்திய அதிகாரியும் வருவார்கள். அவர் எழுதும் காயப் பட்டியல் சிகிச்சை அளித்தவர்களுக்கு வெளியே நின்று எழுதப்படுவது, எது முதலிலேயே இருந்தது, எது பின்னால் தெரிந்தது என்பதை ஒப்பிட அது மிக உதவும்.

மரணம் நடந்துவிட்டால் ஒன்று சொல்ல வேண்டும், கேட்கச் சங்கடமாக இருந்தாலும். "உடம்பை வெட்ட வேண்டாம், கெதியாத் தாங்கோ" என்று திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் கெஞ்சுவது எங்கள் வழக்கம். அந்தத் துக்கம் விளங்குகிறது. ஆனால் பிரேத பரிசோதனை இல்லாமல் போனால், இறப்புக்குக் காரணம் அந்தத் தவறிய காயம்தான் என்று நிரூபிக்க வழி இல்லாமலே போகும். சந்தேகம் இருந்தால் அந்த நேரத்திலேயே வாய் திறந்து சொல்லுங்கள், வாக்குமூலத்தில் பதியச் சொல்லுங்கள்.

போகக்கூடிய கதவுகள் வேறு வேறு. ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு எழுத்தில் முறைப்பாடு செய்தால் உள் விசாரணை வரலாம், பணம் வராது. இலங்கை மருத்துவ சபைக்குச் சத்தியக் கடதாசியோடு முறைப்பாடு செய்தால் அந்த மருத்துவரின் பதிவு பற்றித் தீர்மானிக்கலாம், ஆகக் கடைசியாகப் பதிவிலிருந்து நீக்கலாம், அங்கும் நட்டஈடு கிடையாது. பொலிசுக்குப் போனால் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவித்தல், 5 வருடம் வரை சிறை. ஆனால் குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும், கோபத்தில் முதலில் இந்தக் கதவைத் தட்டி மற்றவற்றைத் தவறவிட்டவர்கள் உண்டு.

பணம் வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றம். இங்கே காலம்தான் எதிரி. 1871 ஆம் ஆண்டிலிருந்து வரும் கட்டளைச் சட்டம் நட்டத்துக்கும் காயத்துக்கும் வழக்குப் போட இரண்டு வருடம் தருகிறது, அவ்வளவுதான். அரச ஆஸ்பத்திரி என்றால் சட்டமா அதிபரை எதிராளியாக்க வேண்டும், அதற்கு முன் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டக்கோவை 461 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே இருபத்துமூன்றாம் மாதம் முடியும் நாளில் சட்டத்தரணியைத் தேடி ஓடினால் கதை முடிந்த மாதிரித்தான். காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் விசாரிக்கலாம்.

வழக்கு, சபை, பொலிஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிற விடயம் இரண்டாம் வருகை. வீட்டுக்கு வந்தபின் நோவு கூடினால், வாந்தி வந்தால், கை கால் மரத்தால், அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போங்கள், வரிசையில் நின்று மறுபடி முதலிலிருந்து கதை சொல்லாமல், "நேற்று இங்க வந்து போனனாங்கள், இது இரண்டாம் தரம், குறையேல்லை, கூடுது" என்று தொடங்குங்கள், முதல் துண்டையும் காட்டுங்கள். ஒரே காயத்தோடு திரும்பி வருபவரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது அவசர மருத்துவத்தில் எழுதப்பட்ட பழக்கம். முதல் தரம் காயம் தப்பியதற்கு நூறு நியாயம் சொல்லலாம். இரண்டாம் தரமும் தொடாமல் அனுப்பினால் சொல்வதற்கு அவ்வளவு நியாயம் இருக்காது. நீங்கள் திரும்பிப் போகாமல் வீட்டில் எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.